வேனுக்கு அடியில் நடந்த ஊராட்சிக் கூட்டம்

ஆர்விட் கோல்ஸ்டாட் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை; ஒரு நாளும் யாரிடமும் உதவி கேட்டதில்லை. மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு மூன்றே உறுப்பினர்கள். அதில் அவர் ஒருவர். அவர் மனைவி மார்லிஸ்தான் ஊராட்சி எழுத்தர். சட்டப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம்.

போன மார்ச்சில் ஆர்விட்டின் டிரக் உயிரை விட்டது. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க அவர் வைத்திருந்த கொட்டகையோ இன்னும் பனிமேல் நின்றுகொண்டிருந்தது. சட்டப்படி திங்கட்கிழமைக்குள் அதைக் கரையேற்றியாக வேண்டும். அதற்குள் பனி விட்டுக்கொடுத்தால் கொட்டகை மீன்களுக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை மதியம், மார்லிஸின் வேனில் இழுவைக் கொக்கி மாட்டுவதற்காக அதன் அடியில் போய்ப் படுத்தார்.

கொக்கி என்றால் சின்னச் சாமான் அல்ல. வண்டியின் அகலத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், இருபது கிலோ. இடப்பக்க போல்ட் ஒழுங்காக ஏறிவிட்டது. அந்தத் தெம்பில் வலப்பக்க போல்ட்டைக் கையால் தொடங்காமல், காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் துப்பாக்கியை வைத்து ஒரே அழுத்து. இரண்டு சுற்று போனது. பிறகு பன்றி கத்துவதுபோல ஒரு சத்தம்.

"என்னது அது?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணுமில்ல. போல்ட் உக்காருது."

"முதல்ல கையால அஞ்சு சுத்து சுத்தணும்னு தாள்ல போட்டிருக்கே."

"தாள் எழுதினவன், பனி உருக நம்ம ரோட்டுல கொட்டற உப்பைப் பாத்திருக்க மாட்டான்."

போல்ட்டைப் பின்னுக்குச் சுழற்றி எடுத்தபோது, கூடவே துளைக்குள் இருந்த மரை சுருள் சுருளாக உரிந்து வந்தது. சட்டத்தின் வலது முனை இறங்கி அவர் வயிற்றில் சவுகரியமாக உட்கார்ந்தது.

அந்த வழியாக வந்த டுவேன் பெசோனன் வெளியே நீட்டியிருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டுத் தானும் உள்ளே நுழைந்து, சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். அவர் இரண்டாவது உறுப்பினர்.

"நான் பிடிச்சுக்கறேன், நீ வெளிய போ."

"போல்ட் ஏறாம நான் வர மாட்டேன்."

"எல்லாம் உப்புதான்யா. துரு தின்னுருக்கு. ரோட்டுக்கு உப்பைக் குறைங்கன்னு நான் எத்தனை கூட்டத்துல கத்தினேன்?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" மார்லிஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "மூணு பேர்ல ரெண்டு பேர் சேந்து ஊர் விஷயம் பேசினா அது கூட்டம். அறிவிப்பு இல்லாம கூட்டம் நடத்தறது குத்தம்."

"அப்ப பேசல."

"பேசியாச்சு. நான் கேட்டாச்சு."

மூன்றாவது உறுப்பினரான தலைவர் வெண்டலுக்குத் தொலைபேசி போயிற்று. 'அவசரக் கூட்டம், பொதுமக்கள் வரலாம்' என்று அட்டையில் எழுதி வண்டிக்கொட்டகைக் கதவில் ஒட்டினாள். பொதுமக்கள் இரண்டு பேர் வந்தோம்: மடக்கு நாற்காலியோடு நானும், எல்னா லாட்டியும். எல்னா காகித ஆலையில் இருபது வருஷம் பம்பு பழுது பார்த்தவள். தன் வீட்டுப் பாதைக்கு அடியில் வடிகால் குழாய் போடச் சொல்லி ஒன்பது வருஷமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் மனு கொடுத்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் மூவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

உறுப்பினர்கள் படுத்திருக்கத் தலைவர் நிற்பது முறையல்ல என்று வெண்டலும் ஒரு பழைய பெட்டி அட்டையை விரித்து உள்ளே படுத்தார். எல்னா குனிந்து ஆறு பூட்ஸையும் எண்ணினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

"குழாய் விஷயம் பேசலாமா?"

"எல்னா, இங்க மரை போயிருச்சு. தெரியலையா?" என்றார் ஆர்விட்.

"உனக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்கு!"

"மேல ரெண்டு மூணு சுத்துதான் போயிருக்கும். உள்ள நல்லா இருக்கும். குழாயை நிறைவேத்துங்க, நான் பாத்துக்கறேன்."

"அது லஞ்சம்," என்றாள் மார்லிஸ், எழுதிக்கொண்டே.

"சரி. ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக்கோ."

எல்னா உபரி போல்ட் ஒன்றை எடுத்துப் பட்டறை இடுக்கியில் இறுக்கினாள். அறுக்கும் சக்கரத்தால் அதன் நீளவாக்கில் மூன்று பள்ளம் போட்டு, அதையே மரை சீவும் கருவியாக்கினாள். அதில் எண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு நான்காவது ஆளாக உள்ளே போனாள். நேராக நிறுத்தி, கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி எண்ணெய். பள்ளங்களில் துருவும் இரும்புத் தூளும் சேர்ந்து வந்தன. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் குழாயின் விட்டம், நீளம், சரளைக் கல் என்று ஒரு விவரத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். சட்டம் மூவர் கையிலும் இருந்ததால் யாராலும் எழுந்து போக முடியவில்லை.

"குழாய்க்கு ஆதரவு உள்ளவங்க சொல்லுங்க," என்றார் வெண்டல் களைத்துப்போய். "நான் ஆதரவு."

"ஆதரவு. கை வலிக்குது," என்றார் டுவேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு துருச் சில்லு ஆர்விட்டின் கண்ணில் விழுந்தது. "ம்ம்ம்ம்!" என்றார்.

"ஏகமனதாக," என்று எழுதினாள் மார்லிஸ்.

புது போல்ட் விரலால் சுழற்றவே கடைசி வரை ஏறியது. ஆர்விட் எழுந்தார், முதுகைத் தட்டிக்கொண்டார், "நானே பண்ணியிருப்பேன்" என்றார். ஞாயிறு காலை வேன் மீன்பிடிக் கொட்டகையை இழுத்துக் கரையேற்றியது. எல்னாவுக்கு ஆறு மீன் அனுப்பினார். அவள் நான்கைத் திருப்பி அனுப்பினாள்.

ஏப்ரல் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பை மார்லிஸ் வாசித்தாள். 'உறுப்பினர் கோல்ஸ்டாட் முனகினார். அது ஆதரவாகக் கொள்ளப்பட்டது' என்ற இடத்தில் ஆர்விட் கையைத் தூக்கினார்.

"முனகல. தொண்டையைச் செருமினேன். திருத்துங்க."

திருத்தினார்கள்.