கீழ்வீட்டுக்காரர் கடித்த பழம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கனடாவின் மொன்றியலில் எங்களுக்கு அது இரண்டாவது இலையுதிர்காலம். நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு வீட்டை அலங்கரிக்க வேண்டுமென்று என் ஏழு வயது மகள் அடம்பிடித்தாள். பின்சந்திலிருந்து மேப்பிள் இலைகளும் குட்டிச் சிவப்புப் பழங்களும் பொறுக்கி வந்தாள். ஊசியும் நூலும் கொடுத்து, "மாலையாக் கோத்து யன்னலில கட்டு" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனேன். என்ன பழம் என்று பார்க்கக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது மகள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். மாலையில் பாதிப் பழங்களைக் காணவில்லை.

"அம்மா, நாக்குக் கூசுது."

நஞ்சுப் பழம் என்றே நினைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். மகள் ஓடி விளையாடினாலே கீழிருந்து தடியால் இடிக்கிறவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். பிரெஞ்சில் ஒரு சொல்லும் வரவில்லை. மாலையை நீட்டி மகளின் வாயைக் காட்டினேன்.

அவர் ஒரு பழத்தைப் பிய்த்து, மணந்து பார்த்து, தன் வாயிலேயே போட்டுக் கடித்தார். புளிப்பில் அவர் முகம் சுருங்க, மகள் கலகலவென்று சிரித்தாள். அவர் பிரெஞ்சில் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள்.

"இது குட்டி அப்பிளாம் அம்மா. இவர்ட வீட்டில இதில ஜாம் காய்ச்சிறவையாம். பயப்பிட வேண்டாமாம்."

போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் படியிலேயே இருந்து அழுதேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்ல முடிந்தது. ஒரு வருடமாக அவரைக் கண்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்.