வலி எத்தனைங்க?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நோயாளி நானல்ல, என் வீட்டுக்காரர். பித்தப்பையில் கல். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

சங்ககிரியில் முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு ஹூப்ளி வரை ஓட்டிப்போனவர். "எங்கூட்டுக்காரரு வலின்னே சொல்ல மாட்டாரு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது யார்? நானேதான்!

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, நர்ஸ் ரேவதி வந்தார். மல்லசமுத்திரத்துப் பெண்.

"அப்பா, வலி எத்தனைங்க? வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து."

"சைபர் போட்டுக்க சாமி."

ரேவதி எழுதவில்லை. "நல்லா மூச்சை இழுங்க... இப்ப ஒருக்கா இருமுங்க."

இவர் பாதி மூச்சிலேயே நின்றுவிட்டார். இருமல் வரவே இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வலிக்குப் பயந்து மூச்சை அமுக்கி வெச்சீங்கன்னா நெஞ்சுல சளி கட்டிக்குமுங்க. அப்பறம் காய்ச்சல், நிமோனியான்னு போயிரும். நீங்க நெசத்தைச் சொன்னாத்தான் டாக்டர்கிட்டக் கேட்டு மருந்து குடுக்க முடியும்."

அவர் ரேவதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

சுருக்கென்றது எனக்கு. நான் அடித்த பெருமையை அல்லவா இந்த மனுஷன் வயிற்றுத் தையலோடு சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறார்?

"என்னைப் பாக்காதீங்க மாமா. சொல்லுங்க" என்றேன்.

"எட்டு சாமி..." ரேவதி பக்கம் திரும்பினார். "நேத்திருந்தே எட்டு."

மருந்து ஏறியது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எப்படி இருமுவது என்று ரேவதி சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வராண்டாவின் கடைசி ஜன்னல் வரை நடந்துவிட்டார்!

பெரிய விஷயம் அதுவல்ல. மறுநாள் காபி வாங்கிக்கொண்டு வருகிறேன் — இவரே பெல்லை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"இப்ப நாலுதாங்க சிஸ்டர். நடக்கச் சொல்லியிருக்காங்க. வலி ஏறறதுக்கு முன்னாடியே மருந்து குடுத்தீங்கன்னாத் தேவலை."

டிஸ்சார்ஜ் அன்று லாரிக் கூட்டாளிகள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "என்னண்ணா, ரொம்ப வலிச்சுதா?"

நான் பையில் துணி அடுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"வலிச்சுதப்பா. சொன்னேன். மருந்து குடுத்தாங்க."

அத்தனை ஆம்பளைகள் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், தெரியுமா? என் வீட்டுக்காரருக்கு அது இருக்கிறதுங்க!