இரண்டாவது முறை குத்திய செவ்வாய்க்கிழமை

"கனம் ஆலோசகர் அம்மா அவர்களுக்கு, எங்கள் சபையில் ஓலை வாசிக்க வேண்டியிருப்பதால், இதைக் கொண்டுவரும் பெண்ணுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, ரிசல்ட்டை ஒட்டிய கவரில் எனக்கு அனுப்பவும். பையன் வெளியூரில் இருப்பதால் அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

ஒரு போதகர் எழுதிய கடிதம் இது. ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பது. கடிதத்தில் தேதி இல்லை. தேதியில்லாத காகிதத்தைக் கண்டால் எனக்குப் பல் கூசும். வந்த நேரத்தை மூலையில் பென்சிலால் குறித்தேன்: செவ்வாய், காலை 10.20. அதைவிடப் பெரிய கோளாறுகள் கடிதத்துக்குள்ளேயே இருந்தன. டெஸ்ட் எடுப்பது அவரவர் விருப்பம். ரிசல்ட், டெஸ்ட் எடுத்துக்கொண்டவர் கைக்கு மட்டும்தான் போகும். கவர் ஒட்டுகிற வேலை என்னுடையது அல்ல.

அப்போது நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். எச்.ஐ.வி. டெஸ்ட் செய்யும் இடத்துக்கு அரசு வைத்த பெயர் அது. உள்ளே வருகிறவர்கள் முகத்தில் அதைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். இங்கே வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிழமைகளை மாற்றவில்லை.

1. பெஞ்ச்

கடிதத்தைக் கொண்டுவந்தவள் எஸ்தர். இருபத்திரண்டு வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கூடவே, காவலுக்கு வந்ததுபோல், மாப்பிள்ளை சாமுவேலின் அம்மா ஞானம்மாள். அந்த அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, எஸ்தரை மட்டும் உள்ளே கூப்பிட்டேன்.

"டெஸ்ட்டு வேணாம்னா எடுக்காமப் போலாம்மா. போதகருக்கு நான் கவர் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"எடுங்க மேடம், எனக்கே தெரிஞ்சிக்கணும். ஆனா ஒரு கேள்வி. அவுரு போர்வெல் வண்டியில ஆந்திரா கர்நாடகான்னு சுத்திக்கினு இருக்காரு. நான் கடைய வுட்டா வூடு, வூட்ட வுட்டா கோயிலு. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு அவசரம்?"

ஆலோசகர் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவில்லை. "அவரையும் அனுப்பு" என்றேன்.

"பாசிட்டிவ்னு வந்தா செத்துருவாங்களா?"

"இல்ல. தினமும் மாத்திரை போட்டா மத்தவங்க மாதிரியே இருக்கலாம். கிருமி அடங்கிட்டா புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவாது. கொழந்தையும் நல்லபடியா பெத்துக்கலாம்."

"அப்ப எதுக்கு வெளிய அத்தினி பேரும் எழவு வூட்டுக்கு வந்தாப்புல குந்திக்கினு இருக்காங்க?"

டோக்கன் எண்ணை எழுதிக் கொடுத்து, ரத்தம் எடுக்க லேபுக்கு அனுப்பினேன்.

2. டியூப்

எங்கள் லேப் டெக்னீஷியன் குமரேசன் நல்ல மனிதர். நரம்பு கிடைக்காத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பார். 11.05-க்கு எஸ்தரிடம் எடுத்தார். 11.20-க்கு என் கதவைத் தட்டினார்.

"மேடம், டியூப் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"கீழ. டிபன் பாக்ஸ எடுத்தேன், முழங்கை பட்டுடுச்சு."

திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கதவிலிருந்தே, "எஸ்தர்! இன்னொரு வாட்டி ரத்தம் எடுக்கணும், வாம்மா!" என்று கத்தினார்.

எங்கள் பெஞ்சுக்கென்று ஒரு மருத்துவ அறிவு உண்டு. 'ரெண்டாவது வாட்டி குத்துனா கேஸு.' இது சுத்தப் பொய். முதல் கிட்டில் ரியாக்டிவ், அதாவது கிருமி இருக்கலாம் என்று வந்தால், அதே ரத்தத்தில்தான் இன்னும் இரண்டு கிட் போட்டுப் பார்ப்போம். அதற்காக மறுபடி குத்துவதில்லை. ஆனால் பெஞ்ச் எங்களைக் கேட்டா முடிவு செய்கிறது? ஆறு தலைகள் ஒரே நேரத்தில் எஸ்தர் பக்கம் திரும்பின. ஞானம்மாள் அரை அடி தள்ளி உட்கார்ந்தார்.

ரிசல்ட் நெகட்டிவ். (எழுதலாம் என்று எஸ்தரே சொன்னதால் எழுதுகிறேன்.) சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஞானம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா வந்துச்சு?"

"நான் சொல்லக் கூடாதுங்க."

"நல்லதா இருந்தா சொல்ல மாட்டியா?"

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். "காட்டறேன் அத்த. உங்க புள்ளையும் எடுத்துக்கினு வரட்டும். ரெண்டு பேப்பரையும் ஒண்ணா வெச்சிப் பாக்கலாம்."

"ஆம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி டெஸ்ட்டு?"

அவர்கள் ஏறிய தியாகதுருகம் பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

3. வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் எஸ்தர் தனியாக வந்தாள். கடையில் அவளைச் சேலைப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கூட வேலை செய்யும் பெண்கள் அவள் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. கல்யாணமே வேண்டாம் என்று ஞானம்மாள் சொல்லியனுப்பியிருந்தார்.

"சீட்டக் காட்டிடேன், எஸ்தர்."

"காட்டுனா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும் மேடம். அப்பறம் அவுரு எடுக்கவே மாட்டாரு. தாலி கட்டுன பின்னாடி நான் யாருகிட்ட போயி கேக்கறது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ரெண்டாவது வாட்டி எதுக்குக் குத்தனீங்கன்னு."

"ரகசியம் காக்கணும்மா. சட்டம்" என்றேன்.

"என் ரிசல்ட்டு ரகசியம். உங்க டியூப்பு உடைஞ்சது இன்னா ரகசியம்?"

இருபது வருடமாக நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்து வருகிறவள் நான். ஆனால் அந்தச் செவ்வாய் 11.20-க்கு எதிரே எதுவும் எழுதியிருக்கவில்லை. மேலே கேட்பார்கள், குமரேசனுக்கு மெமோ வரும், எனக்கும் வரும் என்ற பயம். அவள் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, எங்கள் உடைந்த டியூபைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

4. அடுத்த செவ்வாய்

ஞானம்மாளுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன். மகனோடு வந்தார். சாமுவேல் போர்வெல் புழுதி படிந்த செருப்போடு, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் சுவரை விட்டு விலகி நின்றான். எஸ்தரும் வந்திருந்தாள். பெஞ்சில் ஏழு பேர். நேரம் 10.45.

பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன்.

"போன வாரம் இந்தப் பொண்ணுகிட்ட ரெண்டாவது வாட்டி ரத்தம் எடுத்தோம். ஏன்னா மொதல்ல எடுத்த டியூப்ப நாங்க கீழ போட்டு உடைச்சிட்டோம். அவ ரிசல்ட்டு இன்னான்னு நான் சொல்ல மாட்டேன். தப்பு எங்களுது, அத மட்டும் சொல்றேன்."

குமரேசன் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "டிபன் பாக்ஸு தட்டிடுச்சுங்க" என்று சேர்த்துக்கொண்டார். பெஞ்சில் ஒருத்தர் சிரித்தார். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டதை அன்றைய பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

ஞானம்மாளின் கோபம் எஸ்தரை விட்டு என் மேல் திரும்பியது. "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா நோவு உனக்கு?" சரியான கேள்வி.

எஸ்தர் சாமுவேலிடம் போனாள். "என் பேப்பரு பையில இருக்குது. நீங்க எடுத்துக்கினு வந்தா தொறக்கறேன். வராட்டி நான் கடைக்குப் போறேன், லேட்டாவுது."

"வாடா வூட்டுக்கு" என்றார் ஞானம்மாள்.

சாமுவேல் அம்மாவைப் பார்த்தான், எஸ்தரைப் பார்த்தான். பிறகு என்னைக் கேட்டான். "ரொம்ப நோவுமாங்க?"

உள்ளே அவனிடம் தனியாகப் பேசினேன். டெஸ்ட் எடுப்பது அவன் சொந்த விருப்பம் என்று சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினேன். சமீபத்தில் ஏதும் நடந்திருந்தால் இன்றைய ரிசல்ட் மட்டும் போதாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். 11.50-க்குச் சீட்டை அவன் கையில் கொடுத்தேன். இருவரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ச் சீட்டுகளை மாற்றிக்கொண்டு படித்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எஸ்தர் பேசினாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சீட்டில் என்ன இருந்தது என்பதை எழுத எனக்கு அவன் அனுமதி இல்லை.

இளைய ஆலோசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரகசியம் வந்தவருடையது, தவறு நம்முடையது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். கூப்பிடும்போது டோக்கன் எண்ணைச் சொல்லுங்கள். மறுபடி ரத்தம் எடுத்தால், ஏன் என்று அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். டிபன் பாக்ஸை லேபுக்கு வெளியே வையுங்கள்.

சில வாரம் கழித்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சேர்ந்த ஒரு பெண்ணும், இன்னும் இருவரும் எஸ்தரோடு வந்தார்கள். எல்லாரும் அதே ஜவுளிக்கடை. "இவுளுங்களுக்கும் மாப்பிள பாத்துக்கினு இருக்காங்க மேடம். எடுத்து வெச்சிக்குவாளுங்க. அவனுங்க காட்டுனா காட்டுவாளுங்க" என்றாள். அவள் மறுபடி சேலைப் பிரிவுக்கு வந்துவிட்டதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஸ்தருக்கு ஓலை வாசித்துக் கல்யாணமும் முடிந்துவிட்டதாகக் குமரேசன் பிறகு சொன்னார். மாப்பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு ஆள் என்றாலும் அதை வைத்து எந்த ரிசல்ட்டையும் ஊகிக்க வேண்டாம். ஒரு கல்யாணம் நிற்பதற்கு ஞானம்மாள் ஒருத்தரே போதும். சாமுவேல்தானா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை.