சத்தமாகத்தான் பாடுவேன்

என் குரல் நல்ல குரல் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம். வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஏரிக்கரையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் வடக்குப்பட்டுப் பக்கத்தில் எங்கள் காலனி வேதக்கோயிலில் பல வருஷம் அடி எடுத்துக் கொடுத்தேன்.

அடி எடுத்துக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சபையில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். பாட்டின் ஒரு வரியை நான் உரக்கச் சொல்வேன், சபை அதை வாங்கி ராகத்தோடு பாடும். பாடி முடித்ததும் அடுத்த வரி. பாட்டு மாட்டு வண்டி மாதிரி மெதுவாகத்தான் போகும். ஆனால் யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போகாது.

1991-இல் சபைக்குப் புதுச் செயலாளர் வந்தார். எங்கள் தெருப் பையன்தான், எனக்கு இளையவர். பட்டணத்தில் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். பட்டணத்துக் கோயில்களில் பாடுவதைக் கேட்டுவிட்டு, நம் கோயிலிலும் அப்படிப் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை தப்பில்லை. கீபோர்டு வந்தது, மைக் வந்தது, படித்த பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு கொயர் உண்டானது. எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அடி எடுத்துக் கொடுத்தால் நேரம் வீணாகிறது, வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், இனி அது வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொயர் நன்றாகவே பாடியது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் சபை வாயைத் திறக்கவில்லை. புத்தகம் மடியில் கிடக்க, அவர்கள் பாடினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்பதற்கு வீட்டில் ரேடியோ இருக்கிறது, அதற்காகவா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம்?

செயலாளரின் அம்மா எப்போதும் பாயில் என் பக்கத்தில்தான் உட்காருவார். ஒவ்வொரு வரியிலும் சபை நிறுத்திய பிறகும் அந்த அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருப்பார், இலையில் மிச்சமிருக்கும் பாயசத்தை வழிப்பதுபோல. சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருக்கு அதெல்லாம் காதில் விழாது. கொயர் வந்த பிறகு அந்த அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நாளில் கோயிலுக்கு வருவதும் நின்றுபோனது. மூட்டுவலி என்று மகனிடம் சொல்லியிருந்தார். குழாயடியில் என்னிடம் சொன்னது வேறு.

"அங்க வந்து இன்னாத்த பண்றது? பொம்ம மாதிரி குந்திகினு கீறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கொயர் பாடப் பாட, அவர் காதோரம் ஒவ்வொரு அடியாகச் சொன்னேன். என் மெதுவான குரல் மற்றவர்களுக்கு உரத்த குரல். சுற்றியிருந்த பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வாசலில் என்னை நிறுத்தினார். மைக்கில் என் சத்தம்தான் கேட்கிறது, கொயர் தடுமாறுகிறது என்றார்.

"வாய மூடிக்கினு பாடுங்க யக்கா."

"வாய மூடிக்கினு எப்டிப்பா பாட்றது?"

"மனசுக்குள்ள பாடுங்க."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன் என்று நினைக்க வேண்டாம், கோபம்.

அந்த மாதமே காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எங்களிடத்தில் எடுக்கும்வரை சாவு வீட்டில் பாட்டு ஓயக் கூடாது. கொயர்ப் பிள்ளைகளில் பாதி ஷிப்டில், பாதி காலேஜில். கீபோர்டு சாவு வீட்டுக்கு வராது. என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். பந்தலில் உட்கார்ந்து, மனசுக்குள் இல்லை, வாயைத் திறந்து அடி கொடுத்தேன். தெருவே வாங்கிப் பாடியது.

செயலாளர் கம்பெனி உடுப்போடு நேராக அங்கே வந்து நின்றார். ஒரு வரி முடிந்து எல்லோரும் நிறுத்தியபோது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தது. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"எங்கம்மா கோயில்ல மட்டும் ஏன் யக்கா பாட மாட்டேங்குது?"

"நீதானேப்பா மனசுக்குள்ள பாடச் சொன்ன. உங்கம்மாவும் அதத்தான் பண்ணிகினு கீது."

கமிட்டியில் பேசிப் பார்க்கலாம் என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த அம்மாவையும் கையோடு அழைத்துப் போனேன். கீபோர்டு முதல் வரியை வாசித்து முடித்தது. கொயர் மூச்செடுப்பதற்குள் நான் பாயிலிருந்து எழுந்து நின்றேன். என் தொண்டைக்கு எட்டிய சுருதியில் முதல் அடியைச் சொன்னேன். முதலில் பெண்கள் பக்கம் வாங்கியது, அதன் பிறகு ஆண்கள் பக்கம். கீபோர்டுக்காரர் என் சுருதியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். போதகர் ஐயா குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் முன்வரிசையிலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்தார். நான் உட்காரவில்லை. வந்தால் வரட்டும், என் தொண்டை என்னிடம்தானே இருக்கிறது.

அவர் பாய்களுக்கு நடுவே பாதி வழி வந்தபோது வரி முடிந்தது. சபை நிறுத்தியது. அவருடைய அம்மா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசிச் சொல்லை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். இந்த முறை பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. செயலாளர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தச் சொல் முடியும்வரை அசையவில்லை.

அவர் என்னை உட்காரச் சொல்ல வந்தாரா, வேறெதற்காவது வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் காத்திருக்கவும் இல்லை. அடுத்த அடியை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.