புதன்கிழமை நாலரை மணி

குடும்பக் கோர்ட்டின் இரண்டாம் மாடியில் ஒரு விளையாட்டு அறை. அதைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கும்தான். ஆனால் ஊருக்கே அவள் பொம்மக்கா. பதினாறு வருஷமாக வேலை மூன்று. பொம்மைகளைத் துடைப்பது, பிரிந்து நிற்கும் அப்பா அம்மாக்களுக்குப் பிள்ளையோடு விளையாட நேரம் குறிப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் இரண்டில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் மூஞ்சி தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவுக்கு எல்லாமே தெரியும். பிள்ளை யாரிடம் இருந்தால் நல்லது என்று அந்த மனநல டாக்டர் எழுதுவதைத்தான் ஜட்ஜ் முதலில் புரட்டுவார்.

அன்று பதினோரு மணிக்கு ஆறு வயசுப் பாப்பா ஒருத்தியின் வழக்கு. பத்தரைக்கு, டாக்டரம்மாவின் அறிக்கையோடு சேர்க்க வருகைப் பதிவேட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள் பொம்மக்கா. அலைகிற கண் அறிக்கையின் நாலாம் பக்கத்தில் போய் விழுந்தது. “அப்பாவிடம் கலகலப்பாக இருக்கிறாள். அம்மாவிடம் பேச்சில்லை, மேஜைமேல் தலை சாய்த்துக்கொள்கிறாள். அப்பாவிடம் இருப்பதே குழந்தைக்கு நல்லது.”

பதிவேட்டைப் பார்த்தாள். அப்பா, மூன்று தடவையும் சனிக்கிழமை காலை பத்து மணி. அம்மா, மூன்று தடவையும் புதன் சாயங்காலம் நாலரை.

நகல் எடுப்பதை நிறுத்தினாள். புதன்கிழமை பள்ளியில் நீச்சல். பாப்பா இப்போதைக்கு அப்பாவிடம் இருப்பதால் அவர்தான் ஈரத் தலையோடு கொண்டுவந்து வாசலில் விடுவார். சளி பிடிக்குமே என்று துவட்டி, சீவி, ரிப்பன் கட்டி உள்ளே அனுப்பியது சாட்சாத் பொம்மக்காதான். அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்? அம்மாவுக்குத்தான் என்ன தெரியும்? அந்த நேரங்களைக் குறித்ததும் இதே கைதான்.

வராந்தாவில் பாப்பாவின் அப்பா நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க யார் பக்கம்?”

“நான் கரடி பொம்மை பக்கம் சார். அதுக்குத்தான் காது பிஞ்சு தொங்குது.”

அவர் சிரித்தார். “பாப்பா ரூமுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சுட்டேன்கா. அவளே கேட்டா.”

பாவி மனுஷன், கெட்டவனாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா! பொம்மக்கா நேரே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“இப்பவா வந்து சொல்றே? பத்து நிமிஷத்துல சாட்சிக் கூண்டு ஏறணும்டி! என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?”

“போனா நம்ம ரெண்டு பேர் மூஞ்சிதான் மேடம் போகும். பாப்பாவுக்கு அம்மாவே போயிடுமே.”

டாக்டரம்மா கோப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் அப்பாவின் வக்கீல் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். “உங்க முடிவுல மாற்றம் ஏதும் இல்லையே டாக்டர்?”

டாக்டரம்மா தண்ணீர் குடித்தார். முழு டம்ளரையும். கடைசி வரிசையில் பொம்மக்கா பதிவேட்டை மடியில் வைத்திருந்தாள்.

“இருக்கு. நாலாம் பக்கம் நிக்காது ஐயா. அப்பாவோட பார்த்தப்போ குழந்தை நல்லாத் தூங்கி எழுந்து வந்திருக்கு. அம்மாவோட பார்த்தப்போ நீந்திக் களைச்சுப் போய் வந்திருக்கு. நான் அளந்தது பாசத்தை இல்ல, களைப்பை.”

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நேரம் குறிச்சது யாரு?”

தவளை தன் வாயால் கெட எழுந்து நின்றது. “நான்தான் ஐயா. இனிமே ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை பத்து மணிங்க. வாரம் மாத்தி வாரம்.”

தீர்ப்பு தள்ளிப்போனது. நாலு சந்திப்பு, புது அறிக்கை. பொம்மக்காவுக்கு மெமோ ஒன்று, இலவச இணைப்பாக.

வெளியே அப்பா அவளைத் தாண்டிப் போனார். நாலு அடி வைத்தவர் திரும்பி வந்தார்.

“புதன்கிழமை நீச்சல்னு எனக்குத் தெரியும்கா,” என்றார், தரையைப் பார்த்தபடி. “நான்தானே கூட்டிட்டு வந்தேன். அறிக்கையப் படிச்சப்பவே புரிஞ்சுது. சொல்லல.”

பொம்மக்கா பதிவேட்டைத் திறந்து, அடுத்த நாலு சனிக்கிழமைகளில் பத்து மணி என்று எழுதினாள்.

“வர்ற வாரம் அம்மா முறை. அதுக்கடுத்தது உங்களுது,” என்றாள். “பெயின்ட் நல்லாக் காயட்டும் சார்.”