மஜோலிகாவுக்கு ஒரு புதுத் தலை

பல் டாக்டரின் கிளினிக்கில், வெயில் எட்டிப் பார்க்காத பின்னறையில், அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து பிழைத்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் பல்செட்டுக்காரர். மனிதர்களின் முகம் அவருக்கு மறந்துவிடும், தாடை மறக்காது. வழியில் யாராவது நின்று சிரித்தால்தான் ஆளே அடையாளம் தெரியும். உடனே, "கீழ்வரிசை இப்ப உறுத்தலையே?" என்று நலம் விசாரிப்பார்.

அவருடைய கல்யாணமும் அந்தக் கிளினிக்கில்தான் முடிவானது. சுங்க அலுவலக அதிகாரி ஒருவர் பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். மூத்த மகள் துணைக்கு வந்திருந்தாள். டாக்டர் அவர் வாய் நிறைய அளவு மாவை அப்பி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அந்த இடைவெளியில் பல்செட்டுக்காரர் மகளிடம் பேச்சுக் கொடுத்தார். மாவு இறுகும்வரை அப்பாவால் ஆட்சேபிக்க முடியவில்லை. முடிந்தபோது விஷயம் கைமீறிப் போயிருந்தது.

"ஊரார் வாயில கைய விட்டுப் பொழைக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று வீட்டில் தாம்தூம் என்று குதித்தார். பிறகு கடைசிவரை மருமகன் செய்த பல்லையே மாட்டிக்கொண்டு, அது இறுக்குகிறது, தளர்கிறது, சாப்பாட்டுக்கு ருசியே இல்லாமல் பண்ணுகிறது என்று வாரம் தவறாமல் கிளினிக்குக்கு வந்து புலம்பினார். மருமகன் ராவுவார், தேய்ப்பார், புதிதாக வார்ப்பார். ஒருமுறைகூட மாமனார் 'பரவாயில்லை' என்று சொன்னதில்லை.

அவர் கண்ணை மூடியபின் மகள்கள் இருவரும் வீட்டைக் காலி செய்தார்கள். பீரோவுக்குச் சண்டை, சுவர்க் கடிகாரத்துக்குச் சண்டை, ஓட்டை வாளிக்குக்கூடச் சண்டை. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் சண்டையே வரவில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில், சாப்பாட்டு மேசையின் நடுவில் வைப்பதற்கென்று செய்த மஜோலிகா அலங்காரம் அது. மண்ணால் செய்து, கண்ணைக் கூசவைக்கும் வண்ணப் பளபளப்பு ஏற்றியது. ஏதோ ஒரு பழைய பங்களாச் சாமான்களை விற்றபோது அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு டால்பின்கள் வாலை முறுக்கி ஒரு பெரிய சங்கைத் தாங்கி நின்றன. ஒவ்வொரு டால்பின் மேலும் ஒரு கொழுகொழு குழந்தை, பொட்டுத் துணி இல்லாமல். பச்சையும் மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கிடந்தன. செய்தவன் குழந்தைகளின் பின்புறத்துக்கு மட்டும் தேவைக்கு மேல் உழைத்திருந்தான்.

"நீ எடுத்துக்கோக்கா. அப்பாவுக்கு உன்மேலதான் உசிரு."

"சும்மா இருடி. செல்லம் கொடுத்தது பூரா உனக்குத்தான்."

அப்பாவின் பாசத்தை அவர்கள் இத்தனை தாராளமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. பீரோவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பல்செட்டுக்காரர், ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அழகாத்தானே இருக்கு" என்றார். அது அவர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் பல்பு மாற்ற மேசைமேல் ஏறினார். முழங்கால் இடித்து ஒரு குழந்தையின் தலை தரையில் விழுந்து தூள்தூளானது. சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள்.

"நீங்க முழுசா இருக்கீங்கல்ல?"

"நான் இருக்கேன். இவனுக்குத்தான் தலை போச்சு."

மறுநாள் அதைப் பின்னறைக்குத் தூக்கிப் போனார். மாதிரிக்கு இன்னொரு குழந்தை பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மெழுகில் தலை பிடித்தார். பல்செட்டுக்கு வார்க்கும் பிசினில் வார்த்து, வண்ணம் தீட்டி ஒட்டினார். வேலை முடிந்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஏன் இத்தனை நிறைவு என்று யோசிக்கவில்லை. மாமனார் போனபின் அவர் வேலையில் குறை சொல்ல ஆளில்லாமல் பொழுதே சப்பென்றிருந்தது. அதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

மனைவி அந்தச் சனியனை நேராகப் பார்ப்பதே கிடையாது, பின்பக்கமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். அதனால் ஒன்றும் தெரியவில்லை. அவள் தங்கை வந்த அன்றுதான் தெரிந்தது. இந்த மாதிரிச் சாமானுக்கு இப்போது ஆட்கள் அலைகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையோடு ஒரு பழம்பொருள் வியாபாரியையும் கூட்டி வந்திருந்தாள். அவர் மேசையைச் சுற்றி வந்து, இரண்டு தலைகளையும் நகத்தால் தட்டினார்.

"இந்தத் தலையோட சத்தம் சரியில்லையேம்மா."

தங்கை குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

"அக்கா, இங்க வாயேன்."

அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே மடிந்த கீழுதடு. உப்பில்லாத குழம்பை வாயில் வைத்த மாதிரி கன்னம். அவர்களைப் பெற்ற அப்பா, சுங்க அலுவலகத்தையே கிடுகிடுக்க வைத்தவர், அம்மணமாக ஒரு டால்பின்மேல் உட்கார்ந்து, இரண்டு மகள்களையும் குறை சொல்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்செட்டுக்காரர் கிட்டே வந்து குனிந்தார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார். கண் குழந்தையைப் பார்த்திருக்கிறது, கை அதுபாட்டுக்குப் பழகிய தாடையைச் செய்திருக்கிறது.

"ஏங்க, எங்கப்பாவ இப்படித் துணியில்லாம உக்கார வச்சிருக்கீங்களே."

"வேணும்னு செய்யலம்மா. கை தானா போயிடுச்சு."

முதலில் சிரித்தது தங்கைதான். அக்காவும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்லமுடியாது. அப்பா போன அன்றுகூட அவர்கள் இப்படி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழவில்லை. அன்றைக்குப் பீரோ ஞாபகம்.

வியாபாரி தொண்டையைக் கனைத்தார். "தலை புதுசுன்னா யாரும் சீந்தமாட்டாங்க. விக்கிறது கஷ்டம்."

"யாருங்க விக்கிறது?" என்று தங்கை சீறினாள். "எங்கப்பாவ விக்கவா உங்கள வரச்சொன்னேன்?"

அதற்குத்தான் வரச்சொல்லியிருந்தாள். பாவம், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் முறைப்படி சண்டை தொடங்கியது. இத்தனை நாள் உன்கூடத்தானே இருந்தார் என்ற ஒரே வாதத்தில் தங்கை ஜெயித்து, மஜோலிகாவை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனாள்.

வாரக் கடைசியில் அவள் கணவன் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, நான் எது சாப்பிட்டாலும் மாமா முறைக்கிறாரு. அந்தத் தலைய எடுத்துட்டுப் போய் கொஞ்சம் சிரிக்க வச்சுத் தரமுடியுமா?"

"அவர் உயிரோட இருந்தப்பவே என்னால முடியல, தம்பி" என்றார் பல்செட்டுக்காரர்.