பனியன் வேஸ்ட் இறங்கிய விதம்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு சுரங்கத்துக்குத் திட்டம் போட்டவன் நான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டாயிரங்களில் எங்கள் முதலாளி தன் சொந்த ஊரிலேயே, ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் ஆபீஸ் போட்டிருந்தார். வடக்கே ஒரு செம்புச் சுரங்கத்தின் வேலை கிடைத்தது. திறந்த குழி ஆழமாகிவிட்டது. இனி அடியில் பாதை குடைந்து, பாறையின் அடிப்பக்கத்தை அறுத்துவிட வேண்டும். பாறை தன் பாரத்திலேயே நொறுங்கி இறங்கும், கீழேயிருந்து அள்ளலாம். இதுதான் கேவிங்.

"உற்பத்தி நிக்கக் கூடாதுங்க. மேல குழியும் ஓடட்டும், கீழ கேவிங்கும் ஆரம்பிக்கட்டும்" என்றார் முதலாளி.

அந்தக் குழியில்தான் என் அக்கா வீட்டுக்காரர் டம்பர் லாரி ஓட்டினார். குழி மூடினால் அவர் வேலை போய்விடும். அதனால் எனக்கும் சம்மதம்தான்.

ஆனால் பாறை எப்படி இறங்கும் என்று கண்ணால் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கண்ணாடி வைத்த பெட்டி செய்தேன், அடியில் ஓட்டை. மணலோ ஜல்லியோ வாங்கியிருக்க வேண்டும். திருப்பூர்க்காரன் புத்தி, கம்பெனியில் சும்மா கிடைக்கிற கட்டிங் வேஸ்ட் துணியை அள்ளி வந்து மிதித்துத் திணித்தேன். உச்சியில் ஒரு பொம்மை லாரி.

ஓட்டை வழியே துணியை இழுக்க இழுக்க அடித்துணி மட்டும் வந்தது. நடுவில் வெற்றிடம் பெருத்தது. கீழே கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் செல்வி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வேஸ்ட்டைத் தேடி வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உள்ள ஒண்ணுமே இல்ல, மேல வண்டி ஜம்முனு நிக்கி!"

அடுத்த இழுப்பில் மொத்தமும் பொத்தென்று இறங்கியது. லாரியைக் காணோம். ஓட்டை வழியே காற்று பீறிட்டு, என் கண், மூக்கெல்லாம் பஞ்சுத்தூசி. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. மேலே லாரியில் மச்சான் இருப்பார். கீழே, காற்று பீறிடும் இடத்தில், வேறு ஆட்கள் இருப்பார்கள்.

விஷயத்தைக் கேட்ட முதலாளி முறைத்தார். "துணியும் பாறையும் ஒண்ணுங்களா?"

"இல்லீங்க. ஆனா பாறை இப்படித் தொங்கிட்டு நிக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியுங்களா?"

அவர் பெட்டியை மறுபடி நிரப்பச் சொல்லி, தானே இழுத்துப் பார்த்தார். மீசையெல்லாம் பஞ்சோடு எழுந்தவர், அடியில் அறுக்கத் தொடங்கும்போது குழியில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது, பாறை இறங்காமல் தொங்கினால் கீழேயும் யாரும் நிற்கக் கூடாது என்று திட்டத்தை மாற்றினார்.

மச்சானுக்கு வேலை போனது. பிறகு ஒரு மத்தியானம் அந்தக் குழியின் அடி அப்படியே உள்வாங்கியது. மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சுரங்கத்துக்குப் படம் வரையும்போது தாது எங்கே என்று அப்புறம் பாருங்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்.

மச்சான் இப்போது திருப்பூர் பக்கத்தில் மங்கலத்தில் டெம்போ ஓட்டுகிறார். ஊட்டுக்கு வந்தால் போதும், "உன்ற பனியன் வேஸ்ட்டு என்ற பொழப்புல மண்ணப் போட்டுருச்சு மாப்ளே" என்று ஆரம்பித்துவிடுவார். இன்னொரு தோசை வைக்கச் சொல்லிவிட்டு, முழுசாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.